எடையற்ற நிலையில் அன்றாட வாழ்க்கை

தரைக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைப் பிரதட்சிணம் செய்துவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில், பூமியின் ஆகர்ஷண சக்தி இல்லாதொழிந்து விடுவதில்லை. தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு அங்கும் உண்டு. நிலையமும் அதில் வசிப்போரும் அச்சக்திக்கு ஆட்பட்டு ஒருசேர விழுந்துகொண்டே இருப்பதனால், ஒன்று மற்றொன்றின்மீது அழுந்தாமல் யாவும் மிதக்கின்றன. இதுவே எடையின்மை.

சோற்றைத் தட்டில் இருத்துவது, நீரை வடியச் செய்வது, வெப்பமான மூச்சை முகத்தைவிட்டு மேலெழச் செய்வது முதலாகப் பூமியில் எடையானது ஒருவரும் கவனியாதபடி ஆற்றிவரும் ஊழியங்களிற் பலவற்றை, அங்கே விசிறிகள் செலுத்தும் காற்றே ஏற்றுக்கொள்கிறது. நிலையத்தின் சாதனங்களுள் விசிறிக்கு முதலிடம் தருவது மிகையன்று. சுவரோடு பிணைத்த உறக்கப்பைக்குள் எத்திசையில் தலைவைத்துப் படுத்தாலும் ஒன்றே. ஆனால் காற்றோட்டம் நின்றுவிடுமாயின், உறங்குபவர் வெளிவிட்ட கரியமில வாயு அவர் முகத்தருகிலேயே தேங்கிவிடும். கைதவறிய பேனாவைத் தேடுவோர், காற்றை உள்ளிழுக்கும் துவாரத்தின் வலையைத்தான் முதலிற் பார்க்கின்றனர். மலஜல விசர்ஜனத்திலும், உள்நோக்கி இழுக்கும் காற்றே கழிவைக் கவர்ந்து செல்கிறது.

காற்றுக்கு எளிதில் வசப்படாதது நீர். எடை நீங்கியதும் பரப்பு இழுவிசை மேலோங்குவதால், அது உருண்டையாகத் திரண்டு, தொட்ட பொருளைப் பற்றிக்கொள்கிறது. 2013-ஆம் ஆண்டில் கனடா நாட்டு விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டு நனைந்த துணியொன்றைப் பிழிந்து காட்டியபோது, நீர் சொட்டாமல் துணியைச் சூழ்ந்து கண்ணாடிக் குழல்போல் நின்று, பின்னர் அவர் கைகளின்மேற் படர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில், நிலையத்துக்கு வெளியே பணிபுரிந்த இத்தாலிய வீரர் லூக்கா பர்மிடானோவின் தலைக்கவசத்துள், உடையின் குளிர்ச்சிச் சாதனத்திலிருந்து புகுந்த நீர் வடிய வழியின்றிக் கண்ணையும் மூக்கையும் செவியையும் மூடியது; பார்வை மறைந்த நிலையில், பாதுகாப்புக் கயிற்றின் துணைகொண்டே அவர் வாயிலை அடைந்தார். நீர்நிலை யாதுமற்ற வெளியில் நேர்ந்த ஜலகண்டம் அது.

ஆதலால் ஸ்நானம் ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதோடு முடிகிறது. 1973-இல் ஸ்கைலாப் என்னும் முந்தைய விண்வெளி நிலையத்தில் ஷவர் அமைத்துப் பார்த்தனர். ஒட்டிநின்ற நீரை உறிஞ்சியெடுப்பதே அதில் பெரும்பாடாயிற்று. உணவு விஷயத்தில் நீரின் இப்பற்று அநுகூலமாகிறது: குழைவான பதார்த்தங்கள் கரண்டியை விட்டு அகலா. துகள் உதிரும் ரொட்டிக்குப் பதிலாக டார்ட்டியா என்னும் மெக்ஸிகோ நாட்டுத் தட்டை ரொட்டியும், பொடிகளுக்குப் பதிலாக நீரிற் கரைத்த உப்பும் எண்ணெயிற் கலந்த மிளகும் வழங்குகின்றன.

காற்றால் ஈடுசெய்ய இயலாத ஊழியமும் ஒன்று உண்டு. சரீர பாரத்தைச் சுமக்கும் வேலை நீங்கிய இடுப்பெலும்பு, தக்க பயிற்சியின்றேல், மாதந்தோறும் நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை பங்குவரை தன் தாதுச்சத்தை இழக்கக்கூடும். அதனைத் தடுக்கவே வீரர்கள், மீள்சக்தியுள்ள பட்டைகளால் தம்மைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடுபொறியில் ஓடுதல் முதலிய தேகாப்பியாசங்களில் நாளொன்றுக்குச் சுமார் 2 மணி நேரம் ஈடுபடுகின்றனர். அப்போது அரும்பும் வியர்வையும் வழிந்தோடாமல் தோலோடு திரளுமாதலின், அதைத் துவாலையால் ஒற்றியெடுக்கின்றனர். துவாலை உலர்கையில் காற்றிற் கலக்கும் ஈரமும், சிறுநீரும் சுத்திகரிக்கப்பெற்று மீண்டும் குடிநீராகின்றன. இவ்வாறு நீரில் நூற்றுக்கு 98 பங்கை மீட்கும் நிலை 2023-இல் எட்டப்பட்டது.