புகார்க் கடிதத்துக்கும் ஒரு வரலாறு உண்டு



புகார்க் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்காத தமிழாசிரியர் நம்மில் யாரும் இருக்க மாட்டார். அனுப்புநர், பெறுநர், திகதி, தலைப்பு, வரிசை எண் போட்ட பத்திகள், கடைசியில் கையொப்பம். கால்வாய் அடைத்துக்கொண்டது, குப்பை அள்ளவில்லை என்று தலைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளைகளும் மதிப்பெண்ணுக்காக ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், இப்படி எழுதினா உண்மையிலேயே ஏதாச்சும் நடக்குமா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

அந்தக் கேள்விக்குப் பதில் நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. பாடநூலில் அதிகம் பேசப்படாத வரலாறு அது. அரசாங்கமும் அல்லாத, இலாபம் பார்க்கும் நிறுவனமும் அல்லாத மக்கள் அமைப்புகளின் வரலாறு. அதன் ஒரு பகுதியை இங்கே பார்ப்போம்.

கொடுக்கிற தொண்டும் கேட்கிற தொண்டும்

தொண்டு நிறுவனம் என்றதும் மாணவர்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? அன்னதானம், முதியோர் இல்லம், பள்ளிக்கூடம் திறக்கும்போது கொடுக்கிற புத்தகப் பை. இவை எல்லாம் தேவையானவைதான். இந்த உதவி இல்லையென்றால் பல வீடுகளில் அடுப்பு எரியாது.

இன்னொரு வகைத் தொண்டும் உண்டு. அது கையில் பையோடு வராது, கேள்வியோடு வரும். இந்தப் பிள்ளைக்கு ஏன் மூச்சுத்திணறல்? இந்த ஆற்றில் மீன் ஏன் செத்து மிதக்கிறது? மருந்து அடிக்கிற அம்மாவுக்கு ஏன் நகம் கழன்று விழுகிறது? பசித்தவனுக்குச் சோறு போடுவது ஒரு தொண்டு என்றால், அவன் ஏன் பசித்துக் கிடக்கிறான் என்று கேட்பதும் ஒரு தொண்டுதான். கேட்பதோடு நிற்காமல் பதிலுக்குச் சான்று தேடுவதுதான் இதில் கடினமான வேலை.

1969: பினாங்கில் ஒரு தொடக்கம்

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அது பினாங்குக்குச் சோதனையான காலம். ஜார்ஜ்டவுன் தன் சுதந்திரத் துறைமுகத் தகுதியை இழந்தது அதே ஆண்டில்தான். வேலையில்லாத் திண்டாட்டம் தலைதூக்கியது. அதன் பிறகு தொழிற்சாலைகள் வந்தன, வேலை வந்தது, கையில் கொஞ்சம் காசும் வந்தது. கூடவே விளம்பரமும், கலப்படமும், கழிவு நீரும் வந்தன.

சங்கத்தின் தலைவராக ஏறத்தாழ அரை நூற்றாண்டு இருந்தவர் எஸ்.எம். முகமது இட்ரிஸ். 1926-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் இராமநாதபுரம் வட்டாரத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். தொழிலால் வணிகர். 2019-ஆம் ஆண்டு மே மாதம் மறையும்வரை மக்களின் புகார்களோடுதான் வாழ்ந்தார். 'நம்மவர் ஒருவர்' என்று பெருமைப்பட மட்டும் இதைச் சொல்லவில்லை. அவருடைய சங்கம் எல்லா இனத்தவருடைய புகாரையும் வாங்கியது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளிலும் வெளியீடுகளைக் கொண்டுவந்தது. தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தோட்டத் தொழிலாளியும் தன் உரிமையைத் தன் மொழியில் படிக்க முடிந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

சங்கம் வேலை செய்த முறையைக் கவனியுங்கள். முதலில் புகாரைக் கேட்டு எழுதிக்கொள்வது. அடுத்து நேரில் போய்ப் பார்ப்பது, தேவைப்பட்டால் பொருளைச் சோதனைக்கு அனுப்புவது. பிறகு கிடைத்த உண்மையை அச்சில் போடுவது. கடைசியாக, பொறுப்பில் இருப்பவருக்கு விடாமல் எழுதுவது. இந்த நான்கு படிகளில் எதற்கும் பெரிய பட்டம் வேண்டாம். பொறுமைதான் வேண்டும்.

ஜூரு ஆறும் புக்கிட் மேராவும்

செபராங் பிறையில் கோலா ஜூரு என்ற மீனவர் கம்பம் இருக்கிறது. பிறை தொழிற்பேட்டை வளர வளர, 1970-களில் ஜூரு ஆறு கெட்டுப்போனது. மீனும் சிப்பியும் குறைந்தன, வலை வெறுமையாகத் திரும்பியது. கம்பத்து மக்களோடு சேர்ந்து பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அந்தப் பாதிப்பை ஆராய்ந்து நூலாகவே வெளியிட்டது. மீனவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒன்றுகூடிக் கூட்டுறவு முறையில் சிப்பி வளர்க்கும் முயற்சியில் இறங்கினார்கள். சுற்றுச்சூழல் என்ற சொல்லே பலருக்குப் புதிதாக இருந்த காலத்தில், அது வயிற்றுப் பிரச்சினை என்று இந்த மீனவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்படிப்பட்ட புகார்கள் கூடியதால் சுற்றுச்சூழலுக்கென்றே தனி அமைப்பு தேவைப்பட்டது. 1977-ஆம் ஆண்டில் சஹாபாட் அலாம் மலேசியா உருவானது. இதற்கும் இட்ரிஸ்தான் தலைவர்.

அடுத்த பெரிய சோதனை பேராக்கில் வந்தது. ஈப்போவுக்கு அருகில் உள்ள புக்கிட் மேராவில் 1982-ஆம் ஆண்டு ஓர் ஆலை இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்கக் கழிவிலிருந்து கிடைக்கும் மோனசைட் என்ற கனிமத்தைப் பிரித்து அரிய மண் தனிமங்களை எடுக்கும் ஆலை. அதன் கழிவில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. அந்தக் கழிவைக் கொட்ட இடம் தேடியபோது முதலில் பாப்பான் மக்கள் எதிர்த்தார்கள். பிறகு 1985-ஆம் ஆண்டு, புக்கிட் மேரா குடியிருப்பாளர்கள் எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைச் சேர்ந்த மீனாட்சி ராமன்.

இது எளிதாக முடிந்துவிடவில்லை. 1987-ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த 'ஒப்பராசி லாலாங்' கைது நடவடிக்கையில், இந்தப் போராட்டத்தில் ஈடுபட்ட சிலரும் தடுத்து வைக்கப்பட்டார்கள். மீனாட்சி ராமனும் அவர்களில் ஒருவர். 1992-ஆம் ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. வழக்கில் மக்கள் தோற்றார்கள். ஆனால் அடுத்த மாதமே, 1994-ஆம் ஆண்டு ஜனவரியில், ஆலையை மூடப்போவதாக நிறுவனமே அறிவித்தது.

மாணவர்களுக்கு இந்த இடத்தை நிதானமாகச் சொல்லுங்கள். தீர்ப்பில் தோற்றும் கோரிக்கை நிறைவேறியது. நீதிமன்றத்தின் முன்னால் அடுக்கி வைத்த சான்று, தீர்ப்பு மாறியதால் பொய்யாகிவிடாது.

பினாங்கிலிருந்து உலகத்துக்கு

பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அன்வார் பசாலும் ஒருவர். பேராக், தைப்பிங்கில் பிறந்தவர். 1978-ஆம் ஆண்டில் அனைத்துலகப் பயனீட்டாளர் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவரானார். அந்தக் காலத்தில் ஏழை நாடுகளில் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பால்மாவு விளம்பரம் கொடிகட்டிப் பறந்தது. சுத்தமான தண்ணீர் இல்லாத வீட்டில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்குதான். இதை எதிர்த்துப் பல நாட்டு அமைப்புகள் 1979-ஆம் ஆண்டில் ஒன்று சேர்ந்தன. 1981-ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, பால்மாவு விற்பனைக்கான நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. ஆதரவு 118 வாக்கு, எதிர்ப்பு 1 வாக்கு. எதிர்த்த நாடு அமெரிக்கா.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு முதல் வாரத்தில் உலகத் தாய்ப்பால் வாரம் கொண்டாடுகிறோம் அல்லவா? 1992-ஆம் ஆண்டில் அதைத் தொடங்கிய உலகத் தாய்ப்பால் கூட்டணியின் தலைமையகம் நம் பினாங்கில்தான் இருக்கிறது. இது எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்?

மருந்து அடித்த அம்மாக்கள்

இனி சொல்லப்போவது நம் வீட்டுக் கதை. தோட்டத்தில் பால் வெட்டியவர்களைப் பற்றிப் பாட்டும் கதையும் நிறைய உண்டு. தோளில் டின்னைச் சுமந்து களைக்கு மருந்து அடித்த பெண்களைப் பற்றிக் குறைவாகத்தான் பேசியிருக்கிறோம். அவர்களில் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். அடித்த மருந்துகளில் முக்கியமானது பாராகுவாட். உள்ளே போனால் அதற்கு முறிமருந்து கிடையாது. தோலில் புண் இருந்தால் அதன் வழியாகவும் உடம்புக்குள் ஏறும். மூக்கில் இரத்தம், கண் எரிச்சல், நகம் கழன்று விழுதல் என்று தொல்லைகள் வரும். இந்த வெயிலில் முழுப் பாதுகாப்பு உடையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்ய யாரால் முடியும்?

பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான அனைத்துலக வலையமைப்பு 1982-ஆம் ஆண்டில் பினாங்கில்தான் தோன்றியது. 1991-ஆம் ஆண்டில் ஐரீன் பெர்னாண்டஸ் தெனாகானித்தா என்ற அமைப்பைத் தொடங்கினார். இந்த இரு அமைப்பினரும் தோட்டம் தோட்டமாகப் போய், மருந்து அடித்த பெண்களைக் கேட்டு, அவர்கள் சொன்னதைப் பதிவு செய்தார்கள். அந்த ஆய்வு வெளிவந்த 2002-ஆம் ஆண்டிலேயே, பாராகுவாட்டைப் படிப்படியாகத் தடை செய்யப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. 2006-ஆம் ஆண்டில் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. மறுபடியும் எழுதினார்கள், மறுபடியும் கேட்டார்கள். 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது.

முதல் அறிவிப்புக்கும் முழுத் தடைக்கும் நடுவே 18 ஆண்டுகள். அந்தப் பதினெட்டு ஆண்டும் அந்த அம்மாக்கள் மருந்து அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வெற்றியைச் சொல்லும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தாமதத்துக்கு யார் உடம்பு விலை கொடுத்தது என்பதும் வரலாறுதான்.

வகுப்பறையில்

இந்த வரலாற்றை எப்படிப் பயன்படுத்தலாம்? மூன்று வழிகள்:

1. கடிதம் எழுதும் பாடத்தில் கற்பனைப் புகார் வேண்டாம். பள்ளிக்கு அருகில் உள்ள ஓர் உண்மையான சிக்கலை மாணவர்களே போய்ப் பார்க்கட்டும். எந்த நாள், எந்த இடம், எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று குறித்துக்கொண்ட பிறகு எழுதட்டும். எழுதிய கடிதத்தை உண்மையிலேயே அனுப்புங்கள்.

2. தோட்டத்தில் வேலை செய்த பாட்டி, பெரியம்மா இருந்தால் அவரிடம் பேட்டி எடுத்து வரச் சொல்லுங்கள். என்ன மருந்து அடித்தீர்கள், என்ன உடை போட்டீர்கள், உடம்புக்கு என்ன ஆனது என்ற மூன்று கேள்விகள் போதும். அந்தத் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. இன்று கேட்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது.

3. சிற்றுண்டிப் பொட்டலத்தின் மேலுள்ள குறிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். அதில் சீனி எத்தனை கிராம் என்று கணக்குப் போடட்டும். பயனீட்டாளர் கல்வி அங்கேதான் தொடங்குகிறது.

"எழுதினா ஏதாச்சும் நடக்குமா?" என்று கேட்கும் பிள்ளையிடம், "உடனே நடந்துவிடும்" என்று பொய் சொல்ல வேண்டாம். "ஒருத்தர் ஒரு தடவை எழுதினால் நடக்காமல் போகலாம். பார்த்து, எண்ணி, சான்றோடு பலர் எழுதினால் ஆலையே மூடியிருக்கிறது, விஷ மருந்துக்கே தடை வந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். அப்படி எழுதியவர்களில் மீனவர்களும் குடியிருப்பாளர்களும் தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள். நம் மாணவர்களுக்கு அவர்களைவிட ஒரு வசதி கூடுதல்: கடிதம் எழுத அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நாம் இருக்கிறோம்.