கணப்பு, பாய்லர், பக்கத்து வீட்டுப் பாட்டி

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை எங்க வீட்டு பாய்லர் மண்டையைப் போட்டுவிட்டது. "ஏங்க, ரேடியேட்டர் எல்லாம் ஐஸ் மாதிரி இருக்கு" என்று தங்கமணி குரல் கொடுத்தபோது வெளியே மைனஸ் 3 டிகிரி. நான் பிறந்து வளர்ந்தது வேலூர். வெயில் அங்கே இலவசம். வீட்டைச் சூடாக்க ஒருத்தன் காசு கொடுப்பான் என்று எங்க தாத்தாவிடம் சொல்லியிருந்தால் சிரிச்சே செத்திருப்பார்.

வந்த கேஸ்காரர் எங்கேயோ தேடி ஒரு பழைய பார்ட்டை மாட்டிவிட்டு, "இந்தக் குளிர்காலம் தாங்கும், அடுத்ததுக்கு உத்தரவாதம் இல்லை. புது கேஸ் பாய்லரா, ஹீட் பம்பா? யோசிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். யோசிக்க உட்கார்ந்தவன் வழக்கம்போல சரித்திரத்தில் போய் விழுந்தேன். வாங்க, கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

நாங்க இருப்பது கிழக்கு லண்டனில், விக்டோரியா காலத்து வரிசை வீடு. நாலு அறை, நாலு கணப்பு. கணப்புன்னா சுவரில் குழித்து நிலக்கரி போட்டு எரிக்கும் அடுப்பு, மேலே சிம்னி. இங்கிலாந்துக்காரனுக்கு இது வெறும் அடுப்பு இல்லை, அந்தஸ்து. 1662இல் அரசாங்கம் வீட்டுக்குள்ளேயே ஆள் அனுப்பி கணப்புகளை எண்ணி, ஒன்றுக்கு வருஷம் 2 ஷில்லிங் வரி போட்டது. ஜனங்க கடுப்பாகி, கடைசியில் 1689இல்தான் அது ஒழிந்தது.

ஆனா சூடாக்கும் கருவியாகப் பார்த்தால் திறந்த கணப்பு படு மோசம். எரியும் நிலக்கரியின் சூட்டில் பெரும்பகுதி சிம்னி வழியா வானத்துக்குப் போகும். போகும்போது அறையில் இருக்கும் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு வழியா குளிர்காற்று உள்ளே வரும். முகம் வேகும், முதுகு விறைக்கும்.

இதை அளந்து பார்த்துத் திருத்தியவர் ரம்ஃபோர்ட் பிரபு. அமெரிக்காவில் பிறந்தவர். 1796இல் அவர் எழுதிய கட்டுரையில் சொன்ன வைத்தியம் சிம்பிள்: சிம்னியின் தொண்டையைக் குறுக்கு, கணப்பின் ஆழத்தைக் குறை, பக்கச் சுவர்களைச் சாய்வாகக் கட்டு. புகை குறைந்தது, அறைக்குள் வரும் சூடு கூடியது. பணக்கார வீடுகளில் அதுதான் ஃபேஷன். ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் ஓடு பதித்த மூடிய அடுப்பு வைத்து இதைவிடக் கம்மி எரிபொருளில் சுகமாக இருந்தார்கள். இங்கே மட்டும் "தீ கண்ணுக்குத் தெரியணும்" என்று பிடிவாதம்.

சரி, அந்தக் காலத்தில் மெயின்டனன்ஸ்? கரியைச் சுரண்ட சின்னப் பையன்களை சிம்னிக்குள்ளே ஏற்றினார்கள். அந்தத் தொழிலாளிகளுக்கு விரைப்பையில் வரும் புற்றுநோய்க்குக் காரணம் புகைக்கரிதான் என்று 1775லேயே பெர்சிவல் பாட் என்ற டாக்டர் எழுதிவிட்டார். 1788இல் 8 வயசுக்குக் கீழே கூடாது என்று ஒரு சட்டம். அதை யாரும் மதிக்கலை. அப்புறம் சட்டத்துக்கு மேல சட்டம். நிஜமாகவே இந்தக் கொடுமை நின்றது 1875 சட்டத்துக்கு அப்புறம்தான். வியாதி தெரிந்து சரியா நூறு வருஷம்!

அடுத்தது 1952. டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மேல காற்று அசையவே இல்லை. மின் நிலையம், தொழிற்சாலை, கூடவே லட்சக்கணக்கான வீட்டுக் கணப்புகளின் புகை எல்லாம் மூடுபனியோடு கலந்து ஊரை மூடியது. நல்ல நிலக்கரி ஏற்றுமதிக்குப் போய்விட, வீடுகளில் எரிந்தது மட்டமான கரி. ஒரு தியேட்டரில் ஓபராவையே பாதியில் நிறுத்தினார்கள். அரசாங்கம் சொன்ன சாவு கணக்கு சுமார் 4,000. பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்து எண்களாகத்தான் இருந்தது, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேசும் வரை. அப்போ அவங்களுக்கு 10 வயசு. அப்பாவுக்கு ஏற்கெனவே மூச்சுத் தொந்தரவு. அந்த அஞ்சு நாளும் அவர் குளிர்ந்துவிடக் கூடாதே என்று அம்மா கணப்பை அணையவே விடலையாம். ஜனவரியில் அப்பா போய்விட்டார். "ஊரைக் கொன்ன புகையில எங்க வீட்டுப் புகையும் இருந்துச்சு தம்பி. அம்மா கடைசி வரைக்கும் அதைப் பத்திப் பேசவே இல்லை" என்றார். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை.

1956இல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. புகை தடை செய்யப்பட்ட பகுதிகளில் அடுப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கைப் பொதுப்பணத்திலிருந்து கொடுத்தார்கள். அப்புறம் வடகடலில் இயற்கை எரிவாயு கிடைத்தது. 1967 முதல் 1977 வரை வீடு வீடாகப் போய், கோடிக்கணக்கான கேஸ் கருவிகளைப் புது கேஸுக்கு மாற்றினார்கள். பாய்லர், ரேடியேட்டர் பரவலானது அதற்கு அப்புறம்தான்.

2005 ஏப்ரலிலிருந்து இங்கே புது கேஸ் பாய்லர் என்றால் பெரும்பாலும் கண்டென்சிங் வகைதான். புகையில் இருக்கும் நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடுங்கிக்கொள்ளும், 90 சதவீதம் வரை திறன். ஆனா ஒரு சூட்சுமம். ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். மகா அறிவாளியான நான் இத்தனை வருஷமா தண்ணீரை 75 டிகிரியில் அனுப்பிக்கொண்டிருந்தேன். ரம்ஃபோர்ட் ஆவி சிரித்திருக்கும்.

பிப்ரவரியில் ஒரு சோதனை செய்தேன். முதலில் பயன்படாத கணப்புகளின் வாயை அடைத்தேன் (ஈரம் தங்காமல் இருக்கச் சின்னத் துளை விட்டு). கூரைக்கு அடியில் கம்பளிப் பஞ்சு விரித்தேன். கதவு இடுக்குகளுக்குப் பட்டை ஒட்டினேன். அப்புறம் தண்ணீரை 50 டிகிரிக்கு இறக்கினேன். சூடேற நேரம் ஆச்சு, ஆனா வீடு 19 டிகிரியில் நின்றது. தங்கமணியே ஸ்வெட்டரைக் கழட்டினாங்க. வேற சாட்சி வேணுமா?

50 டிகிரி தண்ணீரே போதும் என்றால் ஹீட் பம்பும் போதும். அது ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி, வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூணு யூனிட் சூடு தரும். மின்சாரம் கேஸைவிடப் பல மடங்கு விலை என்பதால் பில் பெரிசா குறையாது, தெரிந்தேதான் இறங்குகிறேன். 2023 அக்டோபரில் அரசு மானியத்தை 7,500 பவுண்டாக உயர்த்தினார்கள். 1956இல் செய்த அதே வேலை. மீதிப் பணம் என் பாக்கெட்டிலிருந்து. வலிக்கத்தான் செய்யுது.

பாட்டியிடம் சொன்னேன். "அதுல தீ தெரியாதே?" என்று கேட்டாங்க. தெரியாது பாட்டி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "பரவாயில்லை, நல்லது" என்றாங்க.

டிஸ்கி: கேஸ் பாய்லர் வைத்திருப்பவர்கள் வருஷம் ஒருமுறை பதிவு பெற்ற ஆளை வைத்து சர்வீஸ் பண்ணுங்க. ரேடியேட்டரின் மேல்பாகம் மட்டும் சில்லுன்னு இருந்தால் காற்றைத் திறந்து விடுங்க, அப்புறம் பிரஷரை 1 முதல் 1.5 பார் வரை சரிபாருங்க. எந்த கேஸ் கருவியும் பயன்படுத்தாத சிம்னியை மட்டும்தான் அடைக்கணும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கண்டிப்பா மாட்டுங்க. அதுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மத்ததெல்லாம் பொறுமையா பண்ணலாம், இது இன்னிக்கே.