டார்ட் தையல்

டார்ட் என்பது தட்டையான துணியை உடலின் வளைவுக்கு ஏற்ப அமைப்பதற்காக ஆப்பு வடிவில் மடித்துத் தைக்கப்படும் மடிப்பு ஆகும். ரவிக்கையின் மார்பு, இடுப்புப் பகுதிகளில் இதைக் காணலாம். தையற்கடைகளில் இதனை 'டாட் பிடித்தல்' என்பர். இதன் கூர்முனையில் தையல் பிரிந்தால் ஆடையின் அமைப்பே கெட்டுவிடும்.

கைத்தையலும் இயந்திரமும்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களில் பெண்களின் இறுக்கமான மேலாடைகளில் இடுப்பிலிருந்து மார்பை நோக்கிச் செல்லும் டார்ட்டுகள் வழக்கமாக இருந்தன. அளவெடுத்து இவற்றை அமைப்பது தையற்காரர்களின் தொழில் நுணுக்கமாகும்.

பிரான்சைச் சேர்ந்த தையற்காரர் பார்த்தெலமி திமோனியே 1830இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாரிசில் அவருடைய பட்டறையில் சுமார் 80 இயந்திரங்கள் இராணுவச் சீருடைகளைத் தைத்தன. பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் அவற்றை உடைத்தெறிந்தனர். திமோனியே 1857இல் வறுமையில் இறந்தார்.

அவரது இயந்திரம் ஒற்றை நூலால் சங்கிலித் தையல் இட்டது. இத்தையலில் நூலின் முனையைக் கட்டாமல் விட்டால் முழுவதும் உருவிக்கொள்ளும். அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் மேல்நூலும் அடிநூலும் துணிக்குள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டன. இந்தப் பூட்டுத் தையலே இன்றும் வீட்டு இயந்திரங்களில் உள்ளது.

வீடுகளில் டார்ட்

ஐசக் சிங்கர் 1851இல் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவரது நிறுவனம் 1856இல் தவணை முறை விற்பனையைத் தொடங்கியதால், மொத்தப் பணம் இல்லாத குடும்பங்களும் இயந்திரம் வாங்க முடிந்தது. 1863இல் எபனேசர் பட்டரிக் என்னும் தையற்காரர் பல அளவுகளில் காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். தொடக்ககால மாதிரிகளில் அச்செழுத்துகள் இல்லை. காகிதத்தில் இட்ட துளைகளே டார்ட்டின் இடத்தைக் காட்டின. தையற்காரரின் அறிவு இவ்வாறு வீட்டுப் பெண்களுக்கும் கிடைத்தது.

தைக்கும் முறை

1. துணியின் உட்புறத்தில் டார்ட்டின் இரு கோடுகளையும் கூர்முனையையும் சாக்பீஸால் குறிக்க வேண்டும்.
2. நடுக்கோட்டில் மடித்து, இரு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு குண்டூசி குத்த வேண்டும்.
3. அகன்ற பக்கத்தில் தொடங்கி முனையை நோக்கித் தைக்க வேண்டும். முனையை நெருங்கும்போது தையலின் நீளத்தைக் குறைத்து, மடிப்பின் ஓரத்தோடு ஒட்டித் தைத்து வெளியேற வேண்டும்.
4. முனையில் பின்னோக்கித் தைத்தால் அவ்விடம் தடித்துப் புடைக்கும். எனவே நூலைச் சற்று நீளமாக வெட்டி, கையால் முடிச்சிட வேண்டும்.
5. மார்பு டார்ட்டைக் கீழ்நோக்கியும், இடுப்பு டார்ட்டை ஆடையின் நடுப்பகுதியை நோக்கியும் திருப்பி இஸ்திரி போட வேண்டும்.

இயந்திரம் வந்த பின்னும், டார்ட்டின் முனையை முடித்துவைப்பது கைவேலையாகவே இருக்கிறது.