காலை உணவுப் புரதமும் பசி ஹார்மோன்களும்

காலையில் உண்ணும் புரதத்தின் அளவு, பசியைத் தூண்டும் ஹார்மோன்களையும் அடக்கும் ஹார்மோன்களையும் மாற்றி, இரவுவரை நாம் எதைத் தேடி உண்கிறோம் என்பதைப் பாதிக்கக்கூடியது.

வயிறு காலியாகும்போது இரைப்பையில் சுரக்கும் கிரெலின் பசியை எழுப்புகிறது. 1999இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழுவினர் இதைக் கண்டறிந்தனர். புரதம் செரித்துக் குடலை எட்டும்போது சிசிகே, ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய ஹார்மோன்கள் சுரந்து, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, மூளைக்கு நிறைவை உணர்த்துகின்றன.

இத்துறையில் அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் மிசௌரியில் ஹெதர் லைடி குழுவினர் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு. காலை உணவைத் தவிர்க்கும் வழக்கமுள்ள, உடல் பருமன் கூடிய 20 இளம்பெண்களுக்கு 350 கலோரி காலை உணவு தரப்பட்டது. அதில் 35 கிராம் புரதம் உண்ட நாள்களில், காலையில் எதுவும் உண்ணாத நாள்களைவிட, கிரெலின் குறைந்தது, பிஒய்ஒய் கூடியது, இரவில் கொழுப்பு மிகுந்த நொறுக்குத்தீனி குறைந்தது. 13 கிராம் புரதம் இந்தப் பலனைத் தரவில்லை. ஆனால் நாள் முழுவதும் உண்ட மொத்த உணவு குறையவில்லை, ஆய்வும் சிறியது. புரதம் உண்டால் எடை தானாகக் குறையும் என்று இதை வைத்துச் சொல்வது தவறு.

இந்தப் புரத அளவை நம் ஊர் உணவோடு ஒப்பிடலாம். தமிழ்நாட்டில் கர்நாடக எல்லையை ஒட்டிய பேரிகை, சூளகிரி, ஓசூர் வட்டாரத்தின் பழைய உணவு ராகிக் களி. 100 கிராம் ராகியில் புரதம் ஏறத்தாழ 7 கிராம்தான்; கொள்ளில் 21 கிராமுக்கு மேல். களி வயிற்றை நிறைப்பது மாவுச்சத்தாலும் நார்ச்சத்தாலும். புரதம் வருவது தொட்டுக்கொள்ளும் குழம்பிலிருந்து. 100 கிராம் ராகி மாவுக் களி, 50 கிராம் கொள்ளில் வைத்த குழம்பு, இரண்டு முட்டை சேர்ந்தால் சுமார் 30 கிராம் புரதம் கிடைக்கும். அதிகாலை ஷிப்டுக்கு டீயும் பன்னும் மட்டும் எடுத்துக்கொண்டு ஓடும் தொழிலாளிக்கு இதில் பெரும்பங்கு வாய்ப்பதில்லை. அவருக்குக் கொள்ளும் முட்டையும் கட்டாயம் எட்ட வேண்டும்.

சிறுவர் தேவை வேறு. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு ஒதுக்கப்பட்டது. இது ஏறத்தாழ 7 முதல் 9 கிராம் புரதம். 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் பரிந்துரைத்த நாள் அளவு சுமார் 23 கிராம்; அதில் மூன்றில் ஒரு பங்கு காலையிலேயே கிடைத்துவிடுகிறது. தானியமும் பருப்பும் ஒன்றில் குறையும் அமினோ அமிலத்தை மற்றொன்று ஈடுகட்டுவதால் புரதத்தின் தரமும் உயர்கிறது. முட்டை பள்ளி மதிய உணவோடுதான் வருகிறது.