ஒரே துணி, புதுப் பேரு: மலிவு கிராபிக்ஸ் கார்டுகளின் கதை

ரொம்ப நாளாக பாதியில் தூங்கிக்கொண்டிருந்த பதிவு இது. "விலை கம்மியா ஒரு கிராபிக்ஸ் கார்டு சொல்லுங்க, பையன் கேம் விளையாடணுமாம்" என்று மாதம் ஒருத்தராவது கேட்டுவிடுகிறார்கள். ஒரு மாடல் பேரைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் அந்தப் பேர் ஆறு மாதத்தில் பழசாகிவிடும். அதற்குப் பதில், இந்த மலிவு கார்டுகள் முப்பது வருஷமாக எப்படி வந்தன, எதைக் காட்டி எதை விற்றார்கள் என்று தெரிந்துகொண்டால், நாளைக்கு வரப்போகிற கார்டையும் நீங்களே எடை போட்டுவிடலாம். வரலாறு என்றதும் ஓடிவிடாதீர்கள், அசோகர் மரம் நட்டதெல்லாம் வராது :)

என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் எங்கள் பொதட்டூர்பேட்டைக்காரர்கள். திருத்தணிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவு ஊர். அங்கே பல வீடுகளில் கார்டு வாங்கும் காசு என்பது சில வாரத் தறிக்கூலி. வாங்குவதற்கு திருத்தணி வந்து ரயில் பிடித்து, 80 கிலோமீட்டருக்கு மேல் போய் சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடக்க வேண்டும். தப்பான கார்டு என்றால் மறுபடி ஒரு நாள் வேலை போச்சு. கடைக்காரர் மாற்றிக் கொடுப்பாரா என்பது அந்த முருகனுக்கே வெளிச்சம். இன்றைக்கு இணையத்தில் வாங்கலாம், சரி. ஆனால் தப்பானதை வாங்கும் வசதியும் அதே அளவுக்குக் கூடியிருக்கிறது!

நெசவுக்காரருக்கு கார்டு என்பது புது வார்த்தை கிடையாது. காஞ்சிபுரம், ஆரணிப் பக்கம் பட்டுத் தறி மேலே தொங்குகிற துளை போட்ட அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும், எது கீழேயே இருக்க வேண்டும் என்று அந்தத் துளைகள் சொல்லும். பிரான்சு நாட்டு ஜக்கார்ட் 1804 வாக்கில் உருவாக்கிய முறை. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன்னுடைய கணக்கு எந்திரத்துக்கு அந்த அட்டை யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார். ஆக, கம்ப்யூட்டருக்கும் தறிக்கும் பழைய சொந்தம் உண்டு.

மானிட்டரும் ஒரு துணி மாதிரிதான். 1024க்கு 768 என்றால் 7,86,432 புள்ளிகள். நொடிக்கு 60 தடவை புதுசாக நெய்தால் 4.7 கோடி புள்ளிகள். இன்றைய 1920க்கு 1080 திரைக்கு அது 12.4 கோடிக்கு மேல். இதில் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம், வெளிச்சம், சுவரின் மேல்தோல் எல்லாவற்றையும் நினைவகத்திலிருந்து எடுத்து வர வேண்டும். கிராபிக்ஸ் கார்டின் வேலை இவ்வளவுதான். நூல் வந்து சேருகிற வேகத்துக்குத்தான் தறி ஓடும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடம் 1995இலேயே வந்துவிட்டது. எஸ்3 கம்பெனியின் விர்ஜ் என்ற மலிவு கார்டு, முப்பரிமாணம் காட்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தது. காட்டியது, உண்மைதான். ஆனால் கார்டு இல்லாமல் ப்ராசசரே வரைந்தால் கூட சில சமயம் வேகமாக இருந்தது! வேகமூட்டிக்குப் பதில் வேகக்குறைப்பி என்று அதைக் கிண்டலடித்தார்கள். 1996இல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ வந்தபோதுதான் உண்மையான வித்தியாசம் தெரிந்தது. சாதாரணப் படத்துக்கு ஒரு கார்டு, ஆட்டத்துக்கு வூடூ என்று இரண்டு கார்டு போட்டு நடுவில் வயர் இழுக்க வேண்டும். நம்ம ஊரில் அதை நேரில் பார்த்தவர்கள் குறைவு. நாமெல்லாம் ரோட் ராஷ் பைக்கை ஓட்டி எட்டி உதைத்துக்கொண்டிருந்தோம், அதற்கு இந்தக் கார்டெல்லாம் தேவையே இல்லை.

அடுத்து என்விடியா. 1993இல் ஆரம்பித்த கம்பெனி. 1999இல் அவர்களின் டிஎன்டி2 நல்ல பேர் வாங்கியது. அதே வருஷம் டிஎன்டி2 எம்64 என்று மலிவாக ஒன்று விட்டார்கள். 64 என்ற எண்ணைப் பார்த்ததும் ஏதோ கூடுதல் என்றுதானே தோன்றும்? சிப்புக்கும் நினைவகத்துக்கும் நடுவே இருக்கும் பாதை டிஎன்டி2வில் 128 பிட் அகலம். எம்64இல் அதைப் பாதியாக வெட்டி 64 பிட் ஆக்கியிருந்தார்கள். குறைத்ததையே பேரில் எழுதி, அதைப் பெருமை மாதிரி காட்டிய அந்த வியாபாரத் திறமையைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் முக்கியச் சொத்துகளையும் என்விடியாவே வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு மலிவுச் சந்தையில் பேர் வைப்பதுதான் பெரிய கலை.

அந்தக் கலையின் உச்சம் 2002 பிப்ரவரியில் வந்தது. ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ் 440. நம்மில் நிறையப் பேருக்கு முதல் கார்டு. 2001இல் வந்த ஜிஃபோர்ஸ்3இல் ஷேடர் என்ற வசதி வந்துவிட்டது. தண்ணீர் பளபளப்பது, நிழல் விழுவது எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆட்டத்தை எழுதுபவரே நிரல் எழுதிக்கொள்ளலாம். 4 என்றால் 3ஐ விடப் பெரிசுதானே? ஆனால் ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸில் அந்தப் பிக்சல் ஷேடரே கிடையாது. உள்ளே இருந்தது ஏறக்குறைய ஜிஃபோர்ஸ்2 காலத்துச் சரக்கு. டூம் ஆட்டத்தை எழுதிய ஜான் கார்மேக், இதை வாங்காதீர்கள் என்று அப்போதே வெளிப்படையாக எழுதினார். நம்ம ஊர்க் கடைக்கு கார்மேக் எங்கே வந்து சொல்வது?

விளைவு 2003இல் தெரிந்தது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம் வந்தது. எம்எக்ஸ் 440 வைத்திருந்தவர்களுக்கு, மெதுவாக ஓடுவது என்ற பேச்சே இல்லை. கார்டு ஆதரவில்லை என்று சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த ஜிடிஏ வைஸ் சிட்டிக்கு 32 எம்பி கார்டு போதும் என்பதால் எல்லோரும் அங்கேயே குடியிருந்தார்கள். ஒரு தலைமுறையே வைஸ் சிட்டியில் வளர்ந்ததற்கு ரசனை பாதி காரணம், கார்டு மீதி காரணம்!

இன்னொரு கொடுமை மதர்போர்டில் இருந்தது. இண்டெல் 845ஜி போர்டில் உள்ளேயே படம் காட்டும் வசதியும் உண்டு, தனிக் கார்டு போட ஏஜிபி துளையும் உண்டு. அதன் மலிவுத் தம்பிகளான 845ஜிஎல், 845ஜிவி இரண்டிலும் அந்தத் துளை கிடையாது. கடைசியில் ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். கார்டை வாங்கிக்கொண்டு வந்து டப்பாவைத் திறந்த பிறகுதான் செருக இடமே இல்லை என்று தெரிந்த வீடுகள் எத்தனையோ. 2004இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்ததும் ஏஜிபி கார்டுகளுக்கும் போக்கிடம் குறைந்தது. கார்டு நல்லதா என்று கேட்பதற்கு முன்னால், நம்ம போர்டில் உட்காருமா என்று கேட்க வேண்டும்.

எம்பி மோசடியையும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பரில் ஜிஃபோர்ஸ் 6200 டர்போகேஷ் வந்தது. கார்டில் சொந்தமாக 16, 32 அல்லது 64 எம்பி. மீதியைக் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளும். ஆனால் அட்டைப்பெட்டியில் 128 எம்பி, 256 எம்பி வரை 'ஆதரவு' என்று பெரிசாக இருக்கும். பக்கத்து வீட்டு அண்டாவையும் சேர்த்து எண்ணி எங்கள் வீட்டில் இத்தனை பாத்திரம் என்று சொல்கிற கதை.

இப்போது எங்கள் ஊர்க் கதை ஒன்று. திருத்தணி வட்டாரம் முன்பு ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலானவர்களின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அப்புறம் செங்கல்பட்டு மாவட்டம். 1997இல் அதைப் பிரித்தபோது திருவள்ளூர் மாவட்டம். மலை அதே மலை, தறி அதே தறி, பேர்ப்பலகைதான் மூன்று. அந்த மாற்றத்துக்குப் பின்னால் மக்கள் போராடிய நியாயம் இருந்தது. கார்டு கம்பெனிகள் செய்த பேர்மாற்றத்துக்கு விற்பனையைத் தவிர வேறு நியாயம் கிடையாது. 2007 டிசம்பரில் ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎஸ் 512 என்று வந்த சிப், 2008இல் 9800 ஜிடிஎக்ஸ் ஆனது. கொஞ்சம் சுருக்கி 9800 ஜிடிஎக்ஸ் பிளஸ். 2009இல் அதுவே ஜிடிஎஸ் 250. மூன்று தலைமுறைப் பேர், ஒரே குடும்பத்துச் சிப். ஒரு நல்ல விஷயம், சிப் உருப்படியானது. விஷயம் தெரிந்தவர்கள் பழைய பேரில் செகண்ட் ஹேண்ட் வாங்கி லாபம் பார்த்தார்கள்.

2011இல் ஆட்டம் வேறு பக்கம் திரும்பியது. அந்த ஜனவரியில் வந்த இண்டெல் சாண்டி பிரிட்ஜில், படம் வரையும் பகுதியும் ப்ராசசரும் ஒரே சில்லில் வந்துவிட்டன. அதே வருஷம் செப்டம்பர் 15ஆம் தேதி எங்கள் மாவட்டத்துக் காக்களூரில்தான் முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்த மடிக்கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டெல்லாம் கிடையாது. ஆனாலும் பல நெசவு வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டர் நுழைந்தது அப்படித்தான். அதில் பாடமும் படித்தார்கள், கவுண்டர் ஸ்ட்ரைக்கும் சுட்டார்கள். சொந்தக் காசு போடாமல் என்ன ஓடும் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும் என்ற பழக்கத்தை நான் கற்றுக்கொண்டது அந்தப் பையன்களைப் பார்த்துத்தான்.

பழைய கதை முடிந்தது, இப்போது எல்லாம் நேர்மையாகிவிட்டது என்று நினைத்தால், ஹி ஹி. 2014இல் வந்த ஜிடி 730இல் மூன்று விதம். டிடிஆர்3 நினைவகத்தோடு 64 பிட் பாதையில் வந்தது நொடிக்கு 14.4 ஜிபி கடத்தும். ஜிடிடிஆர்5 போட்டது 40 ஜிபி கடத்தும். பேர் ஒன்றுதான். 2017இல் வந்த ஜிடி 1030 நொடிக்கு 48 ஜிபி கடத்தியது. 2018இல் அதே பேரில் டிடிஆர்4 போட்டு இறக்கியது 16.8 ஜிபி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 2022இல் 8 ஜிபியோடு வந்த ஆர்டிஎக்ஸ் 3050க்கு 128 பிட் பாதை. 2024 பிப்ரவரியில் 6 ஜிபியோடு வந்த அதே பேர்க்காரருக்கு 96 பிட், உள்ளே வேலையாட்களும் குறைவு. ஏஎம்டி மட்டும் யோக்கியமா? 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, மதர்போர்டோடு பேச நான்கே நான்கு தடங்கள்தான் வைத்திருக்கிறது. புதுப் போர்டில் சமாளிக்கும், பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3 போர்டில் திணறும். மலிவு கார்டு வாங்குகிறவரிடம்தானே பழைய போர்டு இருக்கும்!

ஒரு தறிக்கார அண்ணனுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "துணியை மீட்டர் கணக்குல பாத்தா வாங்குவோம் தம்பி? அங்குலத்துக்கு எத்தினி பாவு, எத்தினி ஊடைன்னு எண்ணணும். அதானே நீ சொல்ற?" என்றார். முப்பது வருஷ வரலாறும் அதில் முடிந்துவிட்டது. எம்பி, ஜிபி என்பது மீட்டர். பிட் அகலமும் நினைவக வகையும்தான் இழை.

ஆக, வரலாறு சொல்லும் வழி இது.

1. முதலில் கார்டே தேவையா என்று பாருங்கள். 2021இல் வந்த ரைசன் 5 5600ஜி, 2024இல் வந்த ரைசன் 7 8700ஜி மாதிரி ப்ராசசர்களில் உள்ளேயே இருப்பது பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு நன்றாகவே போதும். ராமை மட்டும் ஒரே துண்டாகப் போடாமல் ஜோடியாகப் போடுங்கள். பாதை இரட்டிப்பாகும்.

2. போர்டில் துளை எது, எத்தனை தடம் என்று பாருங்கள்.

3. மின்சாரம். அந்தத் துளை வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். அதற்குள் அடங்குகிற கார்டு என்றால் தனி வயர் வேண்டாம், பழைய எஸ்எம்பிஎஸ்ஸே தாங்கும். ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ இரண்டும் பேர் வாங்கியது இதனால்தான். விசைத்தறி ஓடுகிற தெருவில் வோல்டேஜ் ஏறி இறங்குவதை நான் சொல்லவா வேண்டும்?

4. பேரைப் பார்க்காமல் முழு விவரத்தைப் பாருங்கள். எத்தனை பிட், டிடிஆரா ஜிடிடிஆரா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

5. செகண்ட் ஹேண்ட் என்றால் டிரைவர் இன்னும் வருகிறதா என்று பாருங்கள். 1050 டிஐ இருக்கும் பாஸ்கல் குடும்பத்துக்கு, புது ஆட்டங்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. பழைய ஆட்டம் மட்டும் என்றால் பரவாயில்லை. புதுசுக்கு ஆசைப்பட்டால் அதன் பிறகு வந்த 1650 போன்றதைத் தேடுங்கள்.

6. கடைசியாக, எந்த ஆட்டம் என்று பையனிடமே கேளுங்கள். அவன் விளையாடுவது இரண்டே ஆட்டமாக இருக்கும். அந்த இரண்டுக்கு மேல் ஒரு ரூபாய் கூடப் போடாதீர்கள்.

உங்கள் முதல் கார்டு எது, அது உங்களை எந்த ஆட்டத்தில் கைவிட்டது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். எம்எக்ஸ் 440 சங்கத்துக்குத் தனி வரிசை உண்டு :)

டிஸ்கி: விலையை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. 2021இல் கிரிப்டோக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனபோது கார்டு விலை எப்படி எகிறியது என்று பார்த்தோமே. விலை நாளைக்கு மாறும், இழை எண்ணும் முறை மாறாது.