சேறு சொன்ன விலாசம்

ஒரு டன் சேற்றில் 2 கிலோ பாதரசம். இப்படி ஓர் இடம் கிடைத்தால் சுரங்கமே போடலாம். ஆனால் 1959-ல் இது கிடைத்தது சுரங்கத்தில் அல்ல. ஜப்பானில், ஊரே மீன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மினமாட்டா விரிகுடாவின் அடியில்.

கடலடிச் சேறு லேசுப்பட்ட விஷயமில்லை. ஆறும் சாக்கடையும் கொண்டுவந்து தள்ளுவதெல்லாம் அங்கேதான் படியும். பழசு அடியில், புதுசு மேலே. நீளக் குழாயை இறக்கி உருவினால் அடுக்கடுக்காக வரும். ஈயம்-210 என்று ஒரு கதிரியக்கச் சரக்கு, சுமார் 22 வருடத்தில் பாதியாகிவிடும். அது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்து, அடுக்கின் வயதைச் சொல்லிவிடுவார்கள். பி.காம். படித்தவன் பாஷையில், அது ஒரு டே புக். புழுக்கள் கிளறாமல் விட்டால்!

மினமாட்டாவில் சிஸ்ஸோ கம்பெனி 1932 முதல் அசிட்டால்டிஹைடு தயாரித்தது. பாதரசம் அதற்கு வினையூக்கி. மிச்சமெல்லாம் கழிவுநீரோடு ஹியாக்கென் துறைமுகத்துக்குப் போனது. ஐம்பதுகளில் பூனைகள் வெறிபிடித்த மாதிரி சுழன்று செத்தன. அப்புறம் மனிதர்கள். நடை தள்ளாடி, பேச்சு குழறி, பார்வை சுருங்கி. 1956 மே 1-ம் தேதி உள்ளூர் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்ததே கம்பெனியின் சொந்த ஆஸ்பத்திரிதான்.

குமமோட்டோ பல்கலைக்கழகத்தார் மாங்கனீஸ், தாலியம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, கடைசியில் பாதரசத்துக்கு வந்தார்கள். விலாசம் சொன்னது சேறு. கம்பெனி வாய்க்காலின் வாயில் பாதரசம் உச்சம். கடலுக்குள் போகப் போகக் குறைந்துகொண்டே வந்தது. வேறென்ன சாட்சி வேண்டும், சொல்லுங்கள்?

ம்ஹூம். யுத்தம் முடிந்தபோது கடலில் கொட்டிய வெடிபொருள்தான் காரணம் என்றது ரசாயனத் தொழில் தரப்பு. இதற்கு முன்பே, 1958 செப்டம்பரில், கம்பெனி தன் கழிவை மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்துக்குத் திருப்பிவிட்டிருந்தது. மறு வருடமே அந்தப் பக்கமும் நோயாளிகள். இவ்வளவு கச்சிதமான பரிசோதனையை எந்த விஞ்ஞானியும் செய்யத் துணிய மாட்டான்.

1968 மே மாதம் கம்பெனி அந்தத் தயாரிப்பை நிறுத்தியது. கம்பெனிக் கழிவுதான் காரணம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகு, செப்டம்பரில். சேறு சாட்சி சொல்லி ஒன்பது வருடம் கழித்து. பிற்பாடு அதே சேற்றிலிருந்து பாதரசத்தைப் பிரித்து விற்க கம்பெனி ஒரு துணை நிறுவனம் தொடங்கியது தனிக் கூத்து.

1977-ல் தொடங்கிய சுத்திகரிப்பு 1990-ல்தான் முடிந்தது. சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேறு. 4,850 கோடி யென் செலவு. விரிகுடாவின் ஒரு பகுதியைத் தடுப்புச்சுவர் கட்டி மறித்து, வாரிய சேற்றை அங்கேயே கொட்டி மண் போட்டு மூடினார்கள். 58 ஹெக்டேர் புது நிலம். இப்போது அதன் மேல் பூங்கா இருக்கிறது.