கண்ணைக் கட்டிவிட்டுப் படம் பார்!

டாக்டர் உங்கள் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார். 'அட, போன மாசத்துக்கு இப்ப எவ்வளவோ தேவலையே!' என்கிறார். உங்களுக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. நல்லது. ஆனால், அந்த மருந்தைக் கொடுத்ததே அவர்தான். அது பலிக்க வேண்டும் என்று உங்களைவிட அவருக்கு ஆசை அதிகம். ஆசைப்பட்ட கண்ணுக்கு, படத்திலும் ஆசைப்பட்டதே தெரிந்தால்?

இந்தக் கேள்வியோடு 1947-ல் பிரிட்டனில் ஒரு பெரிய பரிசோதனை தொடங்கியது. காசநோய் இளைஞர்களை வாரிக்கொண்டு போன காலம். அமெரிக்காவில் 1943-ல் கண்டுபிடித்த ஸ்ட்ரெப்டோமைசின் மீது உலகமே கண் வைத்திருந்தது. யுத்தத்தில் நொடித்துப்போன பிரிட்டனின் கையில் இருந்ததோ கொஞ்சூண்டு மருந்து. எல்லாருக்கும் கொடுக்க முடியாது. சரி, அந்தக் கொஞ்சத்தை வைத்து உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று முடிவெடுத்தது அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்.

இரண்டு நுரையீரலிலும் நோய் முற்றிக்கொண்டிருந்த 107 பேர். 55 பேருக்கு ஊசி மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். அன்றைக்கு அவர்களுக்கு இருந்த வைத்தியமே அவ்வளவுதான். யாருக்கு எது என்பதை டாக்டர்கள் தீர்மானிக்கவில்லை. புள்ளியியல் நிபுணர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் தயாரித்த, ஒட்டிய கவர்களுக்குள் இருந்தது விடை.

அடுத்ததுதான் சாமர்த்தியம். எக்ஸ்ரே படங்களைப் பார்க்க மூன்று பேர். ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். படத்துக்குச் சொந்தக்காரர் ஊசி போட்டுக்கொண்டவரா, இல்லையா? மூச்! அவர்களுக்குச் சொல்லவே மாட்டார்கள்.

ஆறு மாதம் ஆச்சு. ஊசி போட்டுக்கொண்டவர்களில் 28 பேரின் படத்தில் கணிசமான முன்னேற்றம். மற்றவர்களில் வெறும் 4 பேர். மருந்து வேலை செய்கிறது! 1948-ல் முடிவு வெளியானது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஐந்து வருடம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். மருந்து வாங்கிய 55 பேரில் 32 பேர் உயிரோடு இல்லை. வாங்காத 52 பேரில் 35 பேர். வித்தியாசம் எங்கே போயிற்று? ஒற்றை மருந்தைக் கிருமி பழகிக்கொண்டுவிட்டது. எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. நுரையீரல் தேறியதைச் சொன்னது. உள்ளே பிழைத்திருந்த கிருமி, மருந்துக்கு அடங்காததாக மாறியதை அதனால் சொல்ல முடியாது. அதற்குச் சளியைத்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான் கூட்டு மருந்து சிகிச்சை. ஒரு மருந்துக்குத் தப்பிய கிருமியை இன்னொன்று பிடித்துக்கொள்ளும். அந்தச் சிகிச்சையை வைத்து அடுத்த பெரிய கேள்வியைக் கேட்டது நம்ம சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பியது. மறுபாதிக்கு வீட்டிலேயே மருந்து. இம்முறை எக்ஸ்ரேயோடு சளியையும் விடாமல் சோதித்தார்கள். நெரிசலான வீடு, அரைகுறைச் சாப்பாடு... இருந்தும், வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய சானடோரியக்காரர்கள் அளவுக்கே தேறினார்கள். 1959-ல் வெளியான அந்த முடிவு, உலகம் பூராவும் காசநோய் வைத்தியத்தைப் புரட்டிப்போட்டது.

இன்றைக்கு சி.டி., எம்.ஆர்.ஐ. என்று எவ்வளவோ வந்துவிட்டன. நல்ல ஆராய்ச்சியில் இன்னமும் அதே சட்டம்தான்: படம் பார்ப்பவருக்கு, மருந்து யாருக்குப் போனது என்று தெரியக் கூடாது. 'படத்துல நல்லா இருக்கு' என்று ஒரு புது மருந்தைப் பற்றி அடுத்த முறை நீங்கள் படித்தால், இரண்டு கேள்வி கேளுங்கள். பார்த்தவருக்கு விஷயம் தெரியுமா? ஆள் நன்றாக இருக்கிறாரா?